எடையும் தடையும்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் இரயில் வண்டி மண்டபத்தைத் தாண்டியவுடன், அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுச் சன்னலோரம் நெருங்கி அமர்வர். வலப்புறம் மன்னார் வளைகுடா. இடப்புறம் பாக் நீரிணை. இரண்டுக்கும் நடுவே இருப்புப் பாதை ஒன்றே துணை. எத்தனை முறை சென்றாலும் அந்தச் சில நிமிடங்கள் பழகிப்போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பழைய பாலத்தின்மேல் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஆடி மாதத்து மாலை ஒன்றில் நான் ஏறிவந்த வண்டி மண்டபத்திலேயே நின்றுவிட்டது. கச்சான் காற்று கடுமையாக வீசிற்று. முன்னே சிவப்பு விளக்கு எரிந்தது. அரை மணி கழிந்தது. ஒரு மணியும் கழிந்தது. விளக்கின் நிறம் மாறவில்லை. எனக்குப் பொறுமை போயிற்று. "இவ்வளவு பெரிய இரும்பு வண்டியைக் காற்று என்ன செய்துவிடும்?" என்று யாரையும் நோக்காமல் உரக்கச் சொன்னேன். எதிரில், வலைக் கட்டு ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த முதியவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, அறுபத்து நாலிலே போன வண்டியும் இரும்பு வண்டிதான்" என்றார். அவ்வளவே. பிறகு துண்டை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு உறங்கத் தொடங்கிவிட்டார்.

மாணவர்களே, அம்முதியவர் கூறிய அந்த ஒரு சொல்லே இக்கட்டுரைக்கு வித்து. நகரங்களில் ஓடுதற்கென்று எடை குறைந்த ஊர்திகளை இன்று உலகில் பல நாட்டினரும் அமைத்து வருகின்றனர். சக்கரத்தின் துணையின்றிக் காந்த விசையால் மிதந்து செல்லும் வண்டிகளும் சில நகரங்களில் ஓடுகின்றன. மேக்லெவ் என்று அவற்றைச் சுருக்கமாக வழங்குவர். அவ்வண்டிகளைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் அவற்றின் விரைவையே வியந்து புகழ்கின்றனர். எனக்கோ, அவற்றை அமைக்க விரும்புவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் பாம்பனில் இருக்கிறது என்று தோன்றுகிறது. வண்டியின் எடை குறையக் குறைய, அதனை ஆளும் கட்டுப்பாடு மிக வேண்டும். அக்கட்டுப்பாட்டின் முதல் தொழில், வண்டியை ஓட்டுவதன்று, நிறுத்துவது. இதுவே என் கருத்து.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பயணிகள் வண்டி ஒன்று புறப்பட்டது. 653 என்பது அதன் எண். நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். புயலினால் தனுஷ்கோடியை அடுத்திருந்த கைகாட்டி செயலற்றுப் போயிற்று. வண்டி நின்றது, ஊதிற்று, மறுமொழி இல்லை, பின்னர் மெல்ல நகர்ந்தது என்று அவ்விரவைப் பற்றிக் கூறுவர். ஊரை நெருங்கும் வேளையில் பேரலை எழுந்து வண்டி முழுவதையும் மூடிற்று. அதிலிருந்தவர்கள் கரை சேரவில்லை. தனுஷ்கோடி என்னும் ஊரும் அவ்விரவோடு அழிந்தது. 1914இல் திறக்கப்பெற்று ஐம்பது ஆண்டு உழைத்திருந்த பாம்பன் பாலத்தின் 145 இரும்புத் தூலங்களில் 126ஐக் கடல் கொண்டு சென்றது.

கனமான பொருள் உறுதியானது என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அம்மிக்கல் காற்றில் பறக்குமா என்று கேட்பதும் உண்டு. ஆனால் அந்த இரவில் சென்ற நீராவி இயந்திரம் அம்மிக்கல்லைவிட எத்தனை ஆயிரம் மடங்கு கனமானது! அதன் பாரம் அதனைக் காக்கவில்லை. இன்னும் பத்து டன் இரும்பைச் சேர்த்திருந்தாலும் காத்திராது. அந்த வண்டியைக் காக்கக் கூடியதாக இருந்தது 'நில்' என்னும் சொல் ஒன்றே. அதைச் சொல்லுதற்கு அன்று அங்கே எதுவும் இல்லை.

ஓட்டுநரைக் குறை கூறுதல் எளிது. ஆனால் அது முறையன்று. இருளும் மழையும் சூழ்ந்த அவ்விடத்தில் அவருக்குக் கிடைத்தது 'வா' என்ற குறிப்பன்று, 'நில்' என்ற குறிப்புமன்று, வெறுமையே கிடைத்தது. பழைய கைகாட்டி மரத்தை அமைத்தவர்கள் இத்தகைய வெறுமையைப் பற்றி ஓரளவு எண்ணிப் பார்த்தவர்களே. கையை இறக்கும் கம்பி எங்கேனும் அறுந்துபோனால், எதிர்ப்புறத்தில் தொங்கும் பாரம் தானே அக்கையைத் தூக்கி 'நில்' என்னும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பழுது நேர்ந்தால் வண்டி நிற்கவேண்டுமே ஒழிய ஓடக்கூடாது என்பதே அந்த அமைப்பின் கருத்து. எவ்வளவு நுட்பமான கருத்து! ஆயினும் விளக்கே அணைந்துபோன இரவில் அந்தக் கை எந்நிலையில் இருந்தால் என்ன? காண்பார் கண்ணுக்கு அது எட்டாது. குறிப்பு இல்லாமையே 'நில்' என்னும் குறிப்பாகும் என்பதைப் பொறிகளுக்கும் மனிதருக்கும் ஒருசேரக் கற்பித்தாக வேண்டும்.

பிற்காலத்தில் பாம்பன் பாலத்தில் காற்றின் விரைவை அளக்கும் கருவி ஒன்றை நிறுவி, அதனை இரயில்வே விளக்கோடு பிணைத்து வைத்தனர். மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் காற்று வீசினால் சிவப்பு விளக்கு தானே எரியும். அக்கருவி நிலைய அதிகாரியிடம் ஒப்புதல் கேட்பதில்லை. பயணிகளின் அவசரத்தையும் அது அறியாது. அன்று மண்டபத்தில் என்னைக் காக்கவைத்தது அந்தக் கருவிதான். அதன்மீதுதான் நான் சினம் கொண்டேன்.

இனிக் காந்த ஊர்தியைக் காண்போம். நகரங்களில் ஓடும் காந்த ஊர்திகளில் பெரும்பாலானவற்றின் அமைப்பு இது: வண்டியின் இருபுறத்து அடிப்பாகங்களும் பாதையின் ஓரங்களைச் சுற்றி வளைந்து, கீழே மடிந்திருக்கும். அம்மடிப்பில் மின்காந்தங்கள் உள்ளன. அவை பாதையின் அடிப்புறத்து இரும்பை நோக்கி ஈர்க்கப்படுவதால் வண்டி மேலே எழுகிறது. எழுந்து நிற்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. சிறு விரல் நுழையாத அந்த இடைவெளியில்தான் வண்டியின் உயிர் இருக்கிறது.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. காந்தம் இரும்பை நெருங்க நெருங்க ஈர்ப்பு மிகும். விலக விலக அது குறையும். ஆதலின் தானே விட்டால் காந்தம் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்; அன்றேல் வண்டி கீழே அமர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே அது ஒருபோதும் நில்லாது. நிலையான காந்தங்களை மட்டும் கொண்டு ஒரு பொருளை அந்தரத்தில் அசையாமல் நிறுத்துதல் இயலாது என்பதற்கு அடிப்படையான உண்மையைச் சாமுவேல் ஏர்ன்ஷா என்னும் ஆங்கிலேய அறிஞர் 1842இலேயே கணக்கினால் நிறுவினார். அங்ஙனமாயின் வண்டி எவ்வாறு மிதக்கிறது? கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நடப்பதைக் கண்டிருப்பீர்கள். அவன் அசையாமல் நிற்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அவன் கைக்கழி ஓயாமல் இப்பாலும் அப்பாலும் சாய்ந்துகொண்டே இருக்கும். அதுபோல, இடைவெளியை அளக்கும் உணர்கருவிகள் ஒவ்வொரு கணமும் அளந்து சொல்ல, கட்டுப்பாட்டுப் பொறி ஒரு விநாடிக்குள் பல நூறு முறை மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் அமைக்கிறது. சக்கர வண்டியில் கட்டுப்பாடு பழுதானால் வண்டி வழி தவறலாம். ஆயினும் அது சக்கரத்தின்மேல் நின்றுகொண்டிருக்கும். காந்த ஊர்தியிலோ, கட்டுப்பாடு இல்லையெனில் நிற்பதே இல்லை.

எடையின் அருமையும் இங்கேதான் புலப்படும். சக்கரம் தன்மேல் உள்ள பாரத்தைச் செலவின்றித் தாங்கும். மின்காந்தமோ ஒவ்வொரு கிலோவையும் மின்சாரம் கொடுத்தே தூக்கவேண்டும். நிலையத்தில் வெறுமனே மிதந்து நிற்கும்போதும் செலவு உண்டு. ஆகவே பொறியாளர் பலகை, இருக்கை, கதவு என ஒவ்வொன்றிலும் எடையைக் குறைக்கப் பாடுபடுகின்றனர். வண்டி இலேசானால், அதனைத் தாங்கும் பாலமும் தூணும் இலேசாகும். சக்கர வண்டியின் பாரம் சில புள்ளிகளில் குத்தி நிற்கிறது. காந்த ஊர்தியின் பாரமோ அதன் நீளம் முழுவதும் பரவி நிற்கிறது. நெருக்கமான தெருக்களின் நடுவே தூண் நட வேண்டிய நகரங்களுக்கு இது சிறு நன்மையன்று. தடித்த தூண் ஒன்று கடைக்காரர் ஒருவரின் வாயிலை மறைக்கும். மெலிந்த தூண் மறைக்காது.

எடை குறைத்தல் நம் நாட்டுக்குப் புதிய கலையும் அன்று. சென்னைப் பெரம்பூரில் 1955இல் தொடங்கப்பெற்ற இரயில் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நாட்டார் முறையைத் தழுவி, சுவரும் கூரையும் தளமும் ஒருங்கே பாரம் தாங்கும் பெட்டிகளை இயற்றிற்று. அதற்கு முன், கனத்த இரும்புச் சட்டத்தின்மேல் பெட்டி சும்மா ஏறி அமர்ந்திருக்கும், தாங்குவது சட்டமே, பெட்டி வெறும் சுமை. புதிய பெட்டியில் சுமை என்று தனியே ஒன்றில்லை. எல்லா உறுப்பும் உழைக்கும். மூங்கில் உள்ளே வெறுமையாயினும் வலிமை குன்றாதது போல என்று சொல்லலாம்.

இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் ஏவுகணைத் துறையில் பணியாற்றியபோது, போலியோ நோயால் கால் சூம்பிய குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட உலோகக் கருவியைக் காலில் கட்டிக்கொண்டு இழுத்து நடப்பதை ஐதராபாத்து மருத்துவமனை ஒன்றில் கண்டார். ஏவுகணைக்கு உதவும் இலேசான கலப்புப் பொருளைக் கொண்டு, சில நூறு கிராம் மட்டுமே எடையுள்ள கருவியை அவரும் அவருடைய குழுவினரும் செய்வித்தனர். அக்குழந்தைகள் ஓடினர். எடை குறைத்தலுக்கு இதனினும் மேலான பயன் வேறு எதனை நான் காட்டுவேன்?

ஆனால் இலேசான பொருளைக் காற்று எளிதில் ஆட்டும். இதனை இக்கரையில் பிறந்த எவரும் சொல்லுவர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்தவர்கள் பரதவர். அவர்கள் வள்ளம் இலேசானது. அது காற்றை எதிர்த்து வெல்வதில்லை. காற்றை அறிந்து பிழைக்கிறது. காற்று மிகும் முன்பே பாயைச் சுருக்குகிறார்கள். மேகத்தின் கோலம் சரியில்லையெனில் அன்று கடலுக்கே போவதில்லை. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்துத் தொழிலை விட்டுக் கரையில் அமர்ந்திருக்கிறார்கள். அன்றைய கூலி போயிற்று; ஆள் இருக்கிறான். பொறியாளர் மொழியில் கூறினால், இது குறைந்த எடையும் நிறைந்த கட்டுப்பாடும் கூடிய அமைப்பே ஆகும்.

காற்றின் கணக்கு சற்றுக் கடுமையானது. அதன் விரைவு இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 58 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் வண்டி, 116 கிலோமீட்டர் காற்றில் நான்கு மடங்கு தள்ளுதலுக்கு உட்படும். காந்த ஊர்தி பாதையைக் கவ்விக்கொண்டிருப்பதால் எளிதில் கவிழாது என்பது உண்மையே. ஆயினும் பக்கத்திலிருந்து வரும் தள்ளுதலையும் அதே மெல்லிய இடைவெளிதான் ஏற்க வேண்டும்.

ஜப்பான் நாட்டு நகோயா நகரின் அருகே, 2005ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கென லினிமோ என்னும் காந்த ஊர்தியைத் திறந்தனர். பாதையின் நீளம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். வண்டியில் ஓட்டுநர் இல்லை. காற்று விநாடிக்கு 25 மீட்டர் விரைவை எட்டினால் அதன் ஓட்டம் நிறுத்தப்படும். அளவுக்கு மீறிக் கூட்டம் ஏறியபோது அவ்வண்டி எழும்ப மறுத்து நின்றதும் உண்டு. "இதுவா முன்னேற்றம்?" என்று சிலர் நகைத்திருக்கலாம். நான் நகைக்கமாட்டேன். தாங்க இயலாத பாரத்தைத் தாங்குவதாகப் பாசாங்கு செய்யாத பொறி அது. நம் ஊர்ப் பேருந்துகளில் படியில் தொங்கிச் செல்வோரைக் கண்டவர்கள் இதன் அருமையை அறிவர்.

வேறொரு கதை வேறு வகையில் முடிந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காம் விமான நிலையத்தில் 1984இல் காந்த ஊர்தி ஒன்று ஓடத் தொடங்கிற்று. பொதுமக்களை ஏற்றிச் சென்ற காந்த ஊர்திகளுள் முன்னோடி எனத்தக்கது அது. மிகச் சிறிய பாதை, மெதுவான ஓட்டம். பதினோராண்டுக்குப் பின் 1995இல் அது மூடப்பட்டது. அதன் மின்னணு உறுப்புகள் பழமைப்பட்டுப் போய், மாற்று உறுப்புகள் கிடைத்தல் அரிதாயிற்று. இரும்பாலான பாலம் பழுதுபட்டால் ஊர்க் கொல்லரும் ஒருவாறு சரிசெய்துவிடுவார். நுண்பொறியின் உறுப்பு ஒன்று அற்றுப்போனால் அதனை மீண்டும் ஆக்க வல்லவர் நம்மிடையே இருக்க வேண்டும். இல்லையெனில் அவ்வூர்தி நமக்குச் சொந்தமானது என்று சொல்வது வெறும் பேச்சே.

இக்காரணம் பற்றியே, இராமேசுவரத் தீவுக்குள் காந்த ஊர்தி விட வேண்டும் என்று எவரேனும் கேட்டால் நான் இப்போது வேண்டாம் என்பேன். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் இடங்களுள் பாம்பன் பெயர்பெற்றது. மணல் ஓயாது வந்து படியும். சென்டிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியை நம்பி ஓடும் வண்டி, ஒவ்வொரு நாளும் துடைத்துப் பேணுவார் இல்லாத நிலத்தில் நில்லாது. ஆனால் சென்னையிலோ மதுரையிலோ அத்தகைய ஊர்தியை அமைக்கக் கருதுவோர், வரைபடம் வரையுமுன் ஒருமுறை பாம்பனுக்கு வந்து நாலு நாள் தங்கிச் செல்ல வேண்டும் என்பேன். வந்தால் புதிய பாலத்தைக் காண்பார்கள்.

பழைய பாலத்தில் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் இரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்றது. கப்பல்கள் செல்வதற்கென அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குகண் 17 மீட்டர் உயரம் நேரே மேலெழுகிறது. பழைய பாலத்தின் செர்சர் தூக்குகண்ணை ஆட்கள் நெம்புகோல் பிடித்துச் சுற்றித் திறப்பர். இதனை மின்பொறி திறக்கிறது. இருபுறத்துக் கோபுரங்களிலும் எதிர்ப்பாரங்கள் தொங்குவதால், நூற்றுக்கணக்கான டன் எஃகைத் தூக்கும் பொறிக்கு வேலை குறைவு. நம் தோட்டத்துக் கிணற்று ஏற்றத்தில் துலாவின் பின்முனையில் கல் கட்டுவதும் இதற்காகத்தான். தூக்குகண் தன் இடத்தில் வந்து அமர்ந்து பூட்டப்பெற்றது உறுதியாகும்வரை வண்டிக்கு வழி கிடையாது. எடையும் கட்டுப்பாடும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன என்பதை இதைவிடத் தெளிவாக எங்கே காணமுடியும்?

1964 புயலுக்குப் பின் அடித்துச் செல்லப்பட்ட தூலங்களைக் கடலடியிலிருந்தே மீட்டுப் பாலத்தை 46 நாளில் மீண்டும் எழுப்பியவர் ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளர். பின்னாளில் கொங்கண் இரயில் பாதையையும் தில்லி மெட்ரோவையும் அமைத்தவரும் அவரே. நகர இரயில்களின் வரலாற்றில் பெரும்பெயர் பெற்றவர் தொடக்கத்தில் பாம்பன் கடலில் கற்றார் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

இன்று சென்னைக்கு அருகே தையூரில், சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் 400 மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள குழாய்ப் பாதை ஒன்றில், காற்று நீக்கிய குழாய்க்குள் மிதந்து செல்லும் ஊர்திக்கான சோதனைகளைச் செய்துவருகின்றனர். உங்களினும் சில ஆண்டுகளே மூத்தவர்கள் அவர்கள். உங்களுள் சிலர் நாளை அவர்களோடு சேரக்கூடும். சேர்ந்தால், 'எவ்வளவு விரைவில் ஓடும்?' என்று உங்களைக் கேட்போர் பலர் இருப்பர். மின்சாரம் அற்றுப்போனால் அது எதன்மேல் அமரும், உணர்கருவி ஊமையானால் அதனைப் பொறி எவ்வாறு பொருள்கொள்ளும், காற்றளவைக் கருவியின்மேல் படியும் உப்பைத் துடைப்பவர் யார், அவருக்கு மாதச் சம்பளம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்போர் மிகச் சிலரே இருப்பர். அந்தக் கேள்விகளை நீங்களே கேட்டுக்கொள்ள நேரும்.

அன்று மண்டபத்தில் இரண்டு மணி நேரத்துக்குப் பின் காற்று தணிந்தது. சிவப்பு மாறிப் பச்சை எரிந்தது. வண்டி ஊர்ந்து பாலத்தின்மேல் ஏறிற்று. கீழே கடல் இன்னும் நுரைத்துக்கொண்டுதான் இருந்தது. நான் சன்னலோரம் அமர்ந்து அதனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த முதியவர் பாம்பன் நிலையம் வரும்வரை கண் விழிக்கவில்லை. வண்டி நின்றதும் எழுந்து, வலைக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நேரமாயிற்று, தம்பி, வீட்டில் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பார்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.